ஹெட்ஃபோனுக்குள் ஒரு வட்டத் துணி

ஹெட்ஃபோன் ரிப்பேர் தொழிலில் கோளாறைக் கண்டுபிடிக்கிற சிரமம் நமக்குக் கிடையாது. வருகிறவரே நாலு வீடியோ பார்த்து, எந்த ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டும் என்பது வரை முடிவு செய்துகொண்டுதான் வருவார். பல் டாக்டர்களும் தையல்காரர்களும் இதைப் படித்தால் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவார்கள்.

பாறசாலை சந்தைக்குப் பக்கத்தில் பதினோரு வருஷமாக எனக்குக் கடை. முன்பாதி முருகனுடையது. மொபைல் கவர், சார்ஜர், ஸ்க்ரீன் ஒட்டுவது எல்லாம் அவன் பாடு. பின்பாதியில் ஒரு சால்டரிங் அயர்ன், ஒரு லென்ஸ் விளக்கு, நான். கொஞ்ச காலமாக, நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும் விலை கூடின ஹெட்ஃபோனைக் கொண்டுவந்து, “உள்ளே கைவைத்து இன்னும் நன்றாகப் பாட வை” என்று கேட்பது ஒரு பழக்கமாகியிருக்கிறது. கைவைக்கலாமா வேண்டாமா என்று நான் முழித்த சில நாட்களைச் சொல்கிறேன். கவுன்டருக்கு உள்ளே உட்கார்ந்து பிழைக்கிறவர்களுக்குப் புரியும்.

காட்டாக்கடைக்காரரின் செண்டை

முதன்முதலில் என்னிடம் வந்தவர் காட்டாக்கடையில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். கோயில் மேளத்தைக் கேட்டால் செண்டை நெஞ்சில் வந்து விழ வேண்டும், இதில் விழவில்லை என்றார். எனக்கும் அப்போது ஆர்வம் தலைக்கேறியிருந்த நேரம். இரண்டு பக்கமும் திறந்து, பின்புறத்துத் துளைகளைப் பாதி அடைத்து, பஞ்சு வைத்து, மூடிக் கொடுத்தேன். போட்டுக் கேட்டவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். நானும் பெருமையாக வழியனுப்பினேன்.

நாலாம் நாள் திரும்பி வந்தார். என்ன குறை என்று கேட்டேன். சொல்லத் தெரியவில்லை. பழையபடி ஆக்கித் தரட்டுமா என்றேன். அதற்கு அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: “முன்ன எப்படி இருந்துதுன்னு எனக்கு ஓர்மை இல்ல. ஆனா இதைக்காட்டிலும் நல்லா இருந்துது, அது உறப்பாக்கும்.”

பாதி தோல், பாதி வேட்டி

அன்றைக்கு எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். யார் வந்து எதை மாற்றச் சொன்னாலும் முதலில் ஒரு பக்கம்தான் மாற்றுவேன். ஒரு வாரம் இரண்டையும் ஒப்பிட்டுக் கேளுங்கள், பிடித்தால் மறுபக்கம், பிடிக்காவிட்டால் பழையபடி. எது பழையது என்று காட்ட ஒரு பக்கமாவது மிஞ்சும்.

குளத்தூரிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். ஆன்லைனில் டியூஷன் எடுக்கிறவர். நம் ஊர் ஈரத்துக்கு ஹெட்ஃபோனின் தோல் மெத்தை உரிந்து, பாடம் முடியும்போது காதெல்லாம் கறுப்புத் தூளாக இருக்கிறது, வேர்த்தும் ஊற்றுகிறது என்று, கையோடு ஒரு பழைய கைத்தறி வேட்டியும் கொண்டுவந்திருந்தார். அதில் மெத்தை தைக்கச் சொன்னார். தோல் காற்றை விடாது, துணி விட்டுவிடும். அதனால் அடிச் சத்தம் குறையும் என்று எச்சரித்து, சட்டப்படி ஒரு பக்கம் மட்டும் மாற்றினேன். சொன்னபடியே அந்தப் பக்கத்தில் மிருதங்கம் மெலிந்து போனது. ஆனால் ஒரு வாரம்கூடப் பொறுக்காமல் மூன்றாம் நாளே மறுபக்கத்தையும் தைக்கச் சொல்லி வந்துவிட்டார். சத்தம் போனால் பரவாயில்லையா என்று கேட்டதற்கு அவர் பதில்: “பாட்டு கொஞ்சம் கொறஞ்சா என்ன, செவி வேவாம இருக்குல்லா!”

எழுத்துப் பார்த்து மாட்டுகிறவர்

தாணு சார் வந்தது போன மழைக்காலம் முடிந்த சமயம். நெய்யாற்றின்கரைக்காரர்; கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர்; ஐம்பது தாண்டியவர். முட்டைத் தட்டைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். உள்ளே இருந்த ஹெட்ஃபோனை நான் அதுவரை படத்தில்தான் பார்த்திருந்தேன். இப்படி ஒன்று நம் மேசைக்கு வந்தால் வேலை செய்யத் தோன்றாது, பார்த்துக்கொண்டே இருக்கத்தான் தோன்றும். சார் அதை எடுத்தால், இடது, வலது என்று பொறித்திருக்கும் எழுத்தை இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் மாட்டுவார். அப்படி ஒரு ஒழுங்கு.

வலது பக்கம் மட்டும் மந்தமாக இருக்கிறது என்றார். அதற்குள்ளே ஒலிப்பான் மேல் வட்டமாக ஒரு ஃபெல்ட் துணி ஒட்டியிருக்கும், அதைப் பிய்த்துவிட்டால் மெல்லிய சத்தமெல்லாம் எடுப்பாகக் கேட்கும் என்று படித்திருந்தார். அது உண்மைதான். ஆனால் பசை போட்டு ஒட்டிய துணி, பிய்த்தால் பிய்த்ததுதான். மேலும், ஒரு பக்கம் மட்டும் மாற்றுவேன் என்று நான் எல்லோரிடமும் மல்லுக்கட்டுகிறவள். ஒரு பக்கம் மட்டும் போதும் என்று கேட்டு வந்த முதல் ஆள் இவர். என் சட்டம் இவரிடம் செல்லாது. பாட்டில் அப்படி என்ன குறைகிறது என்று கேட்டேன். சார் சொன்னார்: “இடத்த பக்கம் கச்சேரி ஜோராக்கும் மக்கா. வலத்த பக்கம் ஜால்ரா அடிக்கவன் பட்டினி கெடக்கான்.”

மூன்று தலை, ஒரு ஹெட்ஃபோன்

நான் போட்டுக் கேட்டேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. முருகனை அழைத்துப் போட்டுவிட்டேன். “ரெண்டும் ஒண்ணுபோலத்தான் உண்டுக்கா” என்றான். சாருக்கு மறுபடி மாட்டினேன், வலது மந்தம். எனக்கு இதில் கோபம் வரவில்லை, ஆவல்தான் வந்தது. இந்த மாதிரி நேரத்தில் எங்களுக்கு ஒரு சின்ன வழி உண்டு. ஹெட்ஃபோனைத் திருப்பி, இடதை வலது காதிலும் வலதை இடது காதிலும் மாட்டுவது. மந்தம் இடம் மாறினால் ஹெட்ஃபோனில் கோளாறு. மாறாவிட்டால் கோளாறு வேறு எங்கேயோ.

எழுத்துப் பார்த்து மாட்டுகிறவரைத் தலைகீழாக மாட்ட வைக்கப் பெரும்பாடாகிவிட்டது. மாட்டியதும் கொஞ்ச நேரம் கேட்டார். வலது காதுக்கு விரலைக் காட்டினார். அந்தக் காதில் இப்போது இருந்தது இடது பக்கத்து ஒலிப்பான், இதுவரை ஒரு குறையும் இல்லை என்று அவரே சொன்னது. நான் வாயைத் திறப்பதற்குள் சார் முகம் தெளிந்து, ஆராய்ச்சி முடிவு சொல்கிற குரலில் சொன்னார்: “கண்டியா, இப்ப இதுவும் மந்தமாச்சு. அப்ப ரெண்டு பக்கத்தயும் கழத்திரு.”

அண்ணன் பக்கம்

கழற்றுவதற்கு முன் ஒன்று கேட்டேன்: பாட்டு கேட்கவா சார் இவ்வளவு பாடு? அப்போதுதான் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தார். கள்ளிக்காட்டில் அணைத் தண்ணீரைப் பார்த்தபடி அவர்கள் குடும்ப நிலம் இருக்கிறது. பாகம் வைத்ததில் இடது பாதி சாருக்கு. பலா, மா, அயனி என்று கலந்து நிற்கிறது. வலது பாதி அண்ணனுக்கு, முழுக்க ரப்பர். எல்லைக் கல்லுக்குப் பக்கத்து மரத்தில் இரண்டு மைக் உள்ள ஒரு ரெக்கார்டரைக் கட்டி வைத்து, விடியற்காலைப் பறவைச் சத்தத்தைப் பதிவு செய்து, வீட்டில் கேட்டு நோட்டில் எழுதுவது சாரின் வழக்கம். இடது காதில் கேட்டால் தன் பக்கத்துப் பறவை, வலது காதில் கேட்டால் அண்ணன் பக்கத்துப் பறவை.

ஒரு வருஷத்துக்கு முன் அண்ணன் பக்கத்தில் சின்னப் பறவைகள் குறைவதைக் கவனித்தாராம். அண்ணன் ரப்பருக்கு அடியில் களைக்கு மருந்து அடிக்கிறவர். பூச்சி செத்தால் பூச்சி தின்னும் சிட்டும் போகும். கணக்கு நேராக இருந்தது. தோட்டத்தில் வைத்துச் சண்டை வந்தது. அதன் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. சார் அண்ணன் மண்ணில் கால் வைப்பதும் இல்லை. இதை உறுதிப்படுத்தத்தான் இந்த நல்ல ஹெட்ஃபோன். வரும் மாதம் கல்லூரியில் இதைப் பற்றிப் பேசப் போகிறார். “செம்போத்து கேக்குது, மயில் கேக்குது. சிட்டு மட்டும் இல்ல. எனக்க அண்ணன் அடிச்ச மருந்துக்கு இனி என்ன சாட்சி வேணும்?”

முருகனின் யோசனை

சார் ஹெட்ஃபோனையும் பென் டிரைவையும் விட்டுவிட்டுப் போனார். மறுநாள் கடை திறந்ததும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பதிவு வலது பக்கம் கேட்கத் தொடங்கியதுமே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிட்டுகள் வலது பக்கமும் தாராளமாக இருந்தன. தையல்சிட்டு விடாமல் கத்துகிறது. தேன்சிட்டு ஊடே ஊடே கீச்சிடுகிறது. செம்போத்தின் தடித்த குரல் சாரின் வலது காதுக்கு எட்டுகிறது, இந்த மெல்லிய குரல்கள் எட்டவில்லை. அண்ணன் மருந்தடித்துக் குருவி போகவில்லை. சாரின் காதிலிருந்துதான் குருவி போயிருக்கிறது. உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற மனிதர் தன் காதை மட்டும் சந்தேகப்படவில்லை.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? மாசக்கணக்காக எழுதிய நோட்டு, அண்ணனோடு முறித்துக்கொண்ட உறவு, எல்லாம் இந்த ஒரு காதில் வந்து நிற்கிறது. முருகனிடம் சொன்னேன். அவன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை: “வலத்த பக்கத்துத் துணியப் பிச்சிருங்கக்கா. சாருக்குக் குருவியும் வரும், அண்ணனும் வருவாரு. சாருக்க மானமும் போவாது.”

தலைகீழ் கச்சேரி

நியாயமாகத்தான் இருந்தது. ஸ்க்ரூ டிரைவரைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன், உண்மையைச் சொல்வதற்கென்ன. மெத்தையைக் கழற்றிப் பார்த்தால் அந்த வட்டத் துணி ஒரு நகக்கண் பட்டால் வந்துவிடும்போல் இருந்தது. ஆனால் எவ்வளவு நாளைக்கு? அடுத்த வருஷம் அந்தக் காது இன்னும் கொஞ்சம் மங்கினால் குருவி மறுபடியும் போகும், அண்ணன் தலையில் மறுபடியும் பழி விழும். நல்ல பொருளைக் கோணலாக்கி, கோணலை அதற்குள் ஒளித்து வைக்கிற வேலை. டாக்டரிடம் போக வேண்டிய காது என் மேசையோடு நின்றுவிடும். மெத்தையைத் திரும்ப மாட்டினேன்.

சார் வந்ததும் நான் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் இல்லை என்பதுதான் நிஜம். அவருடைய பதிவையே ஓடவிட்டு, ஹெட்ஃபோனை மட்டும் திருப்பி மாட்டிவிட்டேன். அண்ணன் பக்கம் இப்போது அவருடைய நல்ல காதில். கழற்றினார், எழுத்தைப் பார்த்தார், நேராக மாட்டினார். மறுபடி திருப்பினார். இப்படி நாலைந்து தரம். ஆள் விஞ்ஞானி, யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது, நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முருகன்கூடக் கவர் அடுக்குவதை நிறுத்திவிட்டான். கடைசியில் சார் மெதுவாகச் சொன்னார்: “தையல்சிட்டு, மக்கா. ரெண்டெண்ணம் உண்டு, அண்ணனுக்க பக்கத்துல. பின்ன நான் ஒரு வருசமா அண்ணனிட்ட மிண்டாம இருந்தது என்னத்துக்கு?”

மரச்சீனிக்காரர்

மூன்று வாரம் கழித்து, வெள்ளை வேட்டியும் கையில் ஒரு சாக்குப் பையுமாக ஒரு பெரியவர் வந்தார். “தாணுவுக்க செவியக் கண்டுபிடிச்ச பிள்ள யாரு?” என்று முருகனிடம் கேட்டார். மூக்கும் நடையும் பார்த்ததுமே ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. பை நிறைய மரச்சீனிக் கிழங்கு. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கவுன்டர் மேலேயே கொட்டிவிட்டார். சாரைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனதே இவர்தானாம். போனது போனதுதான், இனிமேல் குறையாமல் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். கல்லூரியில் பேசுவதை சார் தள்ளி வைத்துவிட்டு, நோட்டையெல்லாம் முதலிலிருந்து எழுதுகிறாராம். ஒவ்வொரு பதிவையும் நேராக ஒரு தரம், திருப்பி ஒரு தரம் கேட்கிறாராம்.

மருந்தடிப்பதை நிறுத்தியாச்சா என்று கேட்டேன். அதற்கு இன்னும் வழக்கு நடக்கிறது, தம்பி இப்போது தோட்டத்துக்கே வந்து நின்று வாதாடுகிறான் என்று சொல்லிச் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்தி, கவுன்டரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்: “அன்னைக்கு சண்டையில நான் சொன்னேன், ‘எலே, குருவி இங்கதான் கெடந்து கத்துது, நின்னு கேளு’ன்னு. அவனுக்க வலத்த பக்கமாக்கும் பிள்ளே நான் நின்னது.”

எத்தனையோ ஹெட்ஃபோனைத் திறந்து மாற்றிக் கொடுத்திருக்கிறேன். குறை ஒன்றும் சொல்லாமல் ஒருவர் மரச்சீனியோடு வந்து நன்றி சொன்ன ஒரே வேலை, மாற்றாமலே திருப்பிக் கொடுத்த இதுதான்.