டோக்கன் வாங்கிக் காத்திருந்த நேரம்

எனக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து காத்திருக்க வராது. பனியன் கம்பெனியில் பதினாறு வருடமாக லைன் சூப்பர்வைசர். முப்பது டெய்லர்களுக்கு நடுவே நடந்துகொண்டும் கத்திக்கொண்டும் இருப்பதுதான் வேலை. அப்படிப்பட்ட என்னை அரை நாள் அசையாமல் படுக்க வைத்தது ஒற்றைத் தலைவலி. அது வந்தால் ட்யூப் லைட் வெளிச்சமே கண்ணில் குத்தும். புதுத் துணியின் சாய வாடைக்குக் குமட்டும். மாத்திரைகளை மாற்றி மாற்றிப் போட்டு வயிறு புண்ணானதுதான் மிச்சம். கடைசியில் பல்லடம் ரோட்டில் அக்குபங்சர் பார்க்கும் ஒரு அம்மாவிடம் போனேன். கையில் ஒன்று, காலில் இரண்டு என்று மயிரிழை போன்ற ஊசிகள். வாரம் இரண்டு முறை வந்துகொண்டிருந்த தலைவலி, சில மாதங்களில் மாதம் ஒரு முறை என்று குறைந்தது.

அது போதாதா எனக்கு? யாருக்கு என்ன வந்தாலும் அங்கே போகச் சொல்ல ஆரம்பித்தேன். முதுகுவலி, மூட்டுவலி, தூக்கமின்மை, எல்லாவற்றுக்கும் ஒரே முகவரி. கம்பெனியில் எனக்கு ‘ஊசி ஏஜென்ட்’ என்று பெயர் வைத்தார்கள். “சார், மிஷினு மக்கர் பண்ணுதுங்க, அங்க கூட்டிட்டுப் போலாங்களா?” என்று கேட்ட டெய்லரும் உண்டு. எனக்கு அதிலும் பெருமைதான்.

என் மனைவியும் என் லைனில்தான் ஓவர்லாக் டெய்லர், பனியனுக்குத் தோள் மூட்டுகிறவள். கல்யாணமான கையோடு தேனிப் பக்கத்திலிருந்து இரண்டு பேரும் சேர்ந்தே இங்கே வந்தோம். கம்பெனிக்குள் நுழைந்துவிட்டால் அவளை மற்றவர்களைவிட இரண்டு மடங்கு திட்டுவேன். பெண்டாட்டிக்குச் சலுகை காட்டுகிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே.

லைனின் முகப்பில் ஒரு போர்டு இருக்கும். ஒவ்வொரு டெய்லரும் ஒவ்வொரு மணி நேரத்திலும் எத்தனை பீஸ் தைத்தார் என்று நான் அதில் எழுதி, போட்டோ எடுத்து மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். ஒரு சனிக்கிழமை பத்து மணிக்கு அவள் கணக்கு நூற்றி இருபது. பதினோரு மணிக்கும் கிட்டத்தட்ட அதேதான். பன்னிரண்டு மணிக்கு எழுதப் போனால் எண்பது. ஒரு மணிக்கு நாற்பத்தைந்து. ஷிப்மென்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. “என்ன, உக்காந்து கனவு காண்றியா?” என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மதியம் சாப்பிடும்போது அவள் கையிலிருந்து சோறு சிந்தியது. அள்ளி எடுத்தாள், மறுபடியும் சிந்தியது. “வலது கையி மரமரன்னு இருக்கு” என்றாள். பேச்சும் லேசாகக் குழறியது. களைப்பு என்று நினைத்தேன். கை மரத்துப் போவது இங்கே தைக்கிறவர்களுக்குச் சளி பிடிப்பது மாதிரி. ஆஸ்பத்திரிக்குப் போனால் நாள் முழுக்கப் போய்விடும். அந்த அம்மாவிடம் ஓர் ஊசி போட்டால் நாலு மணிக்கு மிஷினில் உட்கார்ந்துவிடுவாள். இப்படித்தான் யோசித்தேன். இதை எழுதும்போதும் வெட்கத்தில் காது சூடாகிறது.

பைக்கில் என் பின்னால் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே வந்தாள். “ஒழுங்கா உக்காரு” என்று அதற்கும் ஓர் அதட்டல். அங்கே எங்களுக்கு முன்னால் ஒன்பது பேர். டோக்கன் வாங்கி அவளைச் சுவரோரம் உட்கார வைத்துவிட்டு, வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். கம்பெனியிலிருந்து போன் வந்தபடி இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது.

உள்ளே அழைத்ததும் அந்த அம்மா அவளைச் சிரிக்கச் சொன்னார். வாய் ஒரு பக்கம் மட்டுமே விரிந்தது. இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னார். வலது கை தானாகக் கீழே இறங்கியது.

“ஏனுங்க தம்பி, இவங்கள எதுக்குங்க இங்க கூட்டியாந்தீங்க? இது பக்கவாதமுங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.”

நான் அவரிடமும் மல்லுக்கு நின்றேன். “ஒரே ஒரு ஊசி போடுங்கம்மா, போற வழிக்காவது தாங்கும்.”

“ஊசியெல்லாம் அப்பறம் பாத்துக்கலாமுங்க. மொதல்ல கெளம்புங்க” என்று அவரே ரோட்டுக்கு வந்து ஆட்டோவை நிறுத்தினார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். இளவயது டாக்டர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “கடைசியா எத்தனை மணிக்கு இவங்க நல்லா இருந்தாங்க?”

“ரெண்டு மணிக்கு” என்று வாயில் வந்துவிட்டது. திட்டம் போட்டுச் சொன்ன பொய் அல்ல. பன்னிரண்டு மணிக்கே கணக்குக் குறைந்ததையும், அதற்காக அவளைப் பார்த்துக் கத்தியதையும் எந்த வாயால் சொல்வது?

“அப்ப நேரம் இருக்கு. நாலரை மணி நேரத்துக்குள்ளன்னா அடைப்பைக் கரைக்கிற மருந்து போடலாம்” என்று நர்ஸ் பக்கம் திரும்பியவர், மறுபடி என்னைப் பார்த்தார். “நேரம் சரிதானே? தாண்டிப்போன பிறகு இதைப் போட்டா மூளையில ரத்தம் கசியலாம்.”

போனை எடுத்து, காலையிலிருந்து மேனேஜருக்கு அனுப்பிய போட்டோக்களைக் காட்டினேன். அவள் பெயருக்கு நேரே இருந்த எண்களை டாக்டர் விரல் வைத்துப் படித்தார். “பதினோரு மணிக்கு அப்புறம் குறையுது” என்றார். அப்போது நாலரை ஆகியிருந்தது. அந்த மருந்தைப் போடவில்லை.

எட்டு மாதம் ஆகிறது. பேச்சு திரும்பிவிட்டது. காலை இழுத்து நடக்கிறாள். வலது கை விரல்கள் மட்டும் மடங்க மறுக்கின்றன. தினமும் பிசியோதெரபி, செவ்வாயும் வெள்ளியும் அக்குபங்சர். “கை வந்துருமுன்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேனுங்க. வலியும் இறுக்கமும் கொறையுதான்னு பாப்போமுங்க” என்று அந்த அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. விரல் அசைகிறதா, அசைகிறதா என்று நச்சரிப்பேன். “மணிக்கு மணி கணக்குக் கேக்காதீக” என்று சிரிப்பாள்.

காத்திருக்கிறவர்கள் விசாரித்தால், “இவுக சட்டுனு கொண்டாந்து சேத்ததுனாலதான் பொழச்சேன்” என்பாள். அதைக் கேட்க முடியாமல் நான் வெளியே போய்விடுவேன்.

போன வெள்ளிக்கிழமை அவள் கையில் ஊசிகளோடு படுத்திருந்தாள். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. அன்று எனக்கு அடக்க முடியவில்லை. போர்டில் பார்த்தது, டாக்டரிடம் சொன்ன பொய், போடாமல் போன மருந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். “பன்னெண்டு மணிக்கே கூட்டிட்டுப் போயிருந்தா உன் கை தப்பிச்சிருக்கும்” என்றேன்.

அவள் கூரையைப் பார்த்தபடி சொன்னாள். “பதினோரு மணி டீ குடிச்சிட்டு உக்காந்ததுமே எனக்குத் தெரிஞ்சிருச்சு. வலது கையி சொன்ன பேச்சுக் கேக்கல. இடது கையால துணியத் தள்ளித் தள்ளித் தெச்சேன்.”

“ஏன் சொல்லல?”

“நடிக்கிறேன்னு திட்டுவீகன்னு பயந்துட்டேன்.”

கோபமே இல்லாமல்தான் சொன்னாள். பதினாறு வருடம் ஒரே வீட்டில் என்னோடு இருந்தவள், கை செத்துக்கொண்டிருந்த நேரத்தில்கூட என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறாள்.