அப்பாவும் அண்ணனும் பின்னாடி வர்றாங்க

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிக்கும் வேலை பார்த்துப் பார்த்து, உலகத்தில் பாதிப் பேர் டிக்கெட் எடுக்காதவர்கள், மீதிப் பேர் எடுக்காமல் இருக்க வழி தேடுகிறவர்கள் என்பது அந்த மனிதரின் தீர்மானமாகிவிட்டது. தெருவில் அவருக்குச் செக்கர் என்றே பெயர். மச்சான் ஊருக்கு வருகிறேன் என்றால்கூட எந்த பஸ், யார் கண்டக்டர் என்று கேட்டுவிட்டுத்தான் வா என்பார்.

கேட்பதற்கு முன்பே டிக்கெட்டை நீட்டுகிறவனை அவர் விடவே மாட்டார். வாங்கித் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். யோக்கியனுக்கு அவ்வளவு அவசரம் எதற்கு என்பது அவர் கட்சி.

அப்பேர்ப்பட்டவரின் ஒரே மகளுக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில், ரத்தம் பரிசோதிக்கும் லேப்பில் வேலை கிடைத்தது. விமானம் போய் இறங்குவதோ நடுராத்திரி. பஸ், ரயில் எல்லாம் அடங்கியிருக்கும். விடுதிக்குப் போகத் தனி கார் ஏற்பாடு செய்தாக வேண்டும். கூடவே போகலாமென்றால் செக்கருக்குப் பாஸ்போர்ட் கிடையாது. நம் போட்டோவை யார் யார் கையிலோ கொடுக்க வேண்டுமே என்று அதையும் எடுக்காமலே காலம் தள்ளிவிட்டார்.

மகள் போனில் நாலைந்து கார் கம்பெனிகளைக் காட்டினாள். எல்லாரும் ஒரேயடியாகப் புகழ்ந்திருந்த கம்பெனியை முதலில் தள்ளினார். டிரைவர் லேட்டாக வந்தான் என்று ஒருத்தர் புலம்பியிருந்த கம்பெனிதான் அவருக்குக் கொஞ்சம் உண்மையாகத் தெரிந்தது. எத்தனை பேர் என்று கேட்ட இடத்தில் மகள் ஒன்று என்று போடப் போனாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூணுன்னு போடு. நீ, நான், உங்கண்ணன்."

காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "நான் பெக்காத பையன் யாருங்க அது?"

தனியாக வருகிற பெண் என்று தெரிந்தால் எவனுக்கு என்ன புத்தி வருமோ என்றார் செக்கர். மூன்று பேர் என்றதும் பெரிய வண்டிக்குக் கூடுதலாகக் கேட்டார்கள். மூச்சுக்காட்டாமல் கட்டினார். டிரைவர் கேட்டால் அப்பாவும் அண்ணனும் பின்னாடி வருகிறார்கள் என்று சொல்ல வேண்டும்; வண்டி விடுதி வாசலில் நிற்கும்வரை அதை மாற்றிப் பேசக் கூடாது. மகளை உட்கார வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி திரும்பத் திரும்ப ஒப்பிக்க வைத்தார்.

அவள் கிளம்புவதற்கு முந்தின நாள், டிரைவரின் படம், வண்டியின் படம், வண்டி எண் எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. வாசலிலேயே நிற்பேன், கவலைப்படாதீர்கள் என்று தமிழிலேயே பேசி வேறு அனுப்பியிருந்தான்.  கேட்காமலே நீட்டுகிறானே என்றார் செக்கர். அந்த முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, சிரிப்பு சரியில்லை என்றார். அவன் சிரிக்காமல் இருந்திருந்தால் அதையும் ஒரு குறையாகச் சொல்லியிருப்பார், மகராசன்.

விமானம் இறங்கியது. வண்டியில் ஏறிவிட்டேன் என்று மகள் செய்தி அனுப்பினாள். அவள் இருக்கும் இடம் அப்பாவின் போனில் ஒரு நீலப் புள்ளியாகத் தெரியும்படி வைத்திருந்தாள். புள்ளி அசையவில்லை. மனைவி கொஞ்சம் பொறுங்கள் என்றாள். பொறுத்தார். அப்போதும் அசையவில்லை. மகளைக் கூப்பிட்டார்.

"வண்டிய எடுக்க மாட்டேங்கிறார்ப்பா," என்றாள் அவள், குரலை அடக்கி. "வெளிய நின்னு காத்துட்டிருக்கார். அது வந்துப்பா, நான்..."

கூட்டாளிக்குக் காத்திருக்கிறான் என்று செக்கர் முடிவே கட்டிவிட்டார். அவளை முடிக்கவிடாமல், போனை அவனிடம் கொடு என்று கத்தினார்.

"சார், எங்க இருக்கீங்க?" என்றான் டிரைவர். "நீங்களும் அண்ணனும் பின்னாடி வர்றீங்கன்னு பாப்பா சொல்லிச்சு. பெட்டி வரலையா? மெதுவா வாங்க சார், உங்கள விட்டுட்டுப் போக மாட்டேன்."

 டிக்கெட் பையில்தான் இருந்தது சார், எங்கோ விழுந்துவிட்டது சார் என்று எத்தனை பேர் அவர் முன்னால் எச்சில் விழுங்கியிருப்பார்கள்! அவருக்கும் ஒரு பொய் நுனிநாக்குவரை வந்தது. ஆனால் மகள் அங்கே நின்ற வண்டியில் உட்கார்ந்திருக்கிறாள்.

"நான் வரல," என்றார். "அண்ணன்னும் யாரும் இல்ல. அவ தனியாத்தான் வந்திருக்கா."

வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அது அவருக்கே உறைத்தது. 

 டிரைவரின் குரலில் இப்போது பழைய குழைவு இல்லை. "மூணு பேர்னு பதிவு பண்ணியிருக்கீங்க. பாப்பா ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க. இந்நேரத்துல ஒரு பொண்ணத் தனியா கூட்டிட்டுப் போங்கிறீங்க. நீங்க அவங்கப்பாதான்னு நான் எப்படி சார் நம்புறது?"

நியாயமான சந்தேகம். செக்கரால் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. வீடியோவைப் போட்டுத் தன் முகத்தைக் காட்டினார். பிறகு, அவன் கேட்பதற்கு முன்பே, ஆணியில் தொங்கிய சட்டையிலிருந்து வேலை அடையாள அட்டையை எடுத்துப் போனுக்கு நேராக நீட்டினார்.

"கொஞ்சம் வெளிச்சத்துல காட்டுங்க சார்," என்றான் டிரைவர்.

செக்கர் விளக்கடியில் போய் நின்றார். நீலப் புள்ளி நகரும்வரை அட்டையைக் கீழே இறக்கவில்லை.