இரண்டாவது ப்ராசசரும் துரியான் பூவும்

துரியான் பழமரங்கள் பூக்கும் சமயத்தில் என் அக்கா பினாங்குத் தீவின் பாலிக் புலாவ் மலைச்சரிவில் ஒரு தோட்டத்து மரங்களில் கேமராக்களைக் கட்டிவிட்டு வந்தாள். அவள் பல்கலைக்கழகத்தில் வௌவால் ஆராய்ச்சி செய்கிறவள். துரியான் பூ சாயங்காலம் விரியும், மறுநாள் காலைக்குள் உதிர்ந்துவிடும். அந்த இடைவெளியில் பூவைத் தேடி யார் வருகிறார்கள் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். ஆனால் கேமராவுக்கு இலையும் ஒன்றுதான், வௌவாலும் ஒன்றுதான். எது அசைந்தாலும் படம் எடுத்துவிடும். பூக்காலம் முடிந்தபோது சேர்ந்திருந்த படங்களை ஒருத்தி உட்கார்ந்து பார்ப்பதென்றால் ஆயுசு போதாது.

இலைகளைத் தள்ளிவிட்டு உயிருள்ளதை மட்டும் பொறுக்கித் தரும் ஒரு ப்ரோக்ராம் அவள் துறையில் இருந்தது. பழையது. அக்காவின் லேப்டாப்பில் அதை ஓடவிட்டால் மேசை சுடும், வேலை நகராது.

"இந்த வேகத்துல போனா அடுத்த பூவே பூத்துடும்லா," என்றாள்.

கெலுகோர் ஃபிளாட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக இருக்கிறோம். எனக்கு ஜார்ஜ் டவுனில் கட்டட வரைபடம் போடும் வேலை. கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. ஆனால் வீட்டில் ரைஸ் குக்கரோ மின்விசிறியோ நின்றுபோனால் திறந்து பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. அந்தப் ப்ரோக்ராமுக்கு கிராபிக்ஸ் கார்டைப் பயன்படுத்தத் தெரியாது, ப்ராசசரையும் மெமரியையும் மட்டும்தான் நம்பியிருக்கிறது என்று அக்கா சொன்னதும் நான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் ஒரே மதர்போர்டில் இரண்டு ப்ராசசர்களைப் பொருத்தலாம் என்பது தெரிந்தது. பெரிய நிறுவனங்களின் சர்வர்களில் அப்படித்தானாம். ஒரே வேலையை இரண்டு பேர் எப்படிப் பங்கு போட்டுக்கொள்வார்கள்? யார் முதலில் எழுந்திருப்பார்கள்? ஒருவர் செய்வது மற்றவருக்கு எப்படித் தெரியும்? உண்மையைச் சொன்னால், வௌவாலைவிட இந்தக் கேள்விகள்தான் என்னைப் பிடித்துக்கொண்டன.

சிம்பாங் அம்பாட்டில், தொழிற்சாலைகள் கழித்துக்கட்டும் சர்வர்களை வாங்கிப் பிரித்து விற்கும் கடை ஒன்று இருந்தது. சனிக்கிழமை தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்தைத் தாண்டிப் போனோம். கடைக்காரர் சீனர். எங்களிடம் மலாயில்தான் பேசினார்.

"வீட்டுக்கா? கேம் விளையாடவா?"

"இல்ல அங்கிள். வௌவால் பாக்க," என்றேன்.

அவர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா ஆமாம் என்று தலையாட்டினாள். அவர் ஒரு போர்டையும், ஒரே மாதிரியான இரண்டு ப்ராசசர்களையும், கைநிறைய மெமரித் துண்டுகளையும் எடுத்து வைத்தார். "மெமரியை ரெண்டு பக்கமும் சரிபாதியா போடு. இந்தப் பக்கத்து மெமரி இந்தப் ப்ராசசருக்குச் சொந்தம், அந்தப் பக்கத்து மெமரி அதுக்குச் சொந்தம்," என்றார். கேட்டுக்கொண்டேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது புரியவில்லை.

வீட்டில் பிரித்தபோது முதல் சிக்கல். எங்களிடம் இருந்த கம்ப்யூட்டர்ப் பெட்டியின் கேசிங்குக்குள் போர்டு போகவில்லை. திருப்பிப் பார்த்தோம், சாய்த்துப் பார்த்தோம். திருகுத் துளைகள் ஒன்றுகூட ஒத்துவரவில்லை. இந்த அளவுக்கான கேசிங் பினாங்கில் தேடியும் கிடைக்காததால், அலுவலகத்தில் சுவர் வரைவதுபோல அதற்கும் ஒரு வரைபடம் போட்டேன். துளைகளை அளந்து, பிளைவுட் பலகை ஒன்றை அறுத்து, போர்டின் அடிப்பக்கம் பலகையில் படாமல் பித்தளைத் தாங்கிகளின் மேல் உட்கார வைத்தேன். மூடி இல்லை, சுவர் இல்லை. சாப்பாட்டு மேசைமேல் ஒரு வீட்டைக் கூரை போடுமுன் பார்ப்பதுபோல எல்லாம் வெளியே தெரிந்தது. ஒவ்வொரு ப்ராசசருக்கும் தனி மின்சாரக் கம்பி, தனி விசிறி. ஒவ்வொன்றின் மேலும் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைப் பட்டாணி அளவு வைத்து விசிறிகளை அழுத்தித் திருகினேன்.

பவரைப் போட்டதும் இரண்டு விசிறிகளும் ஓவென்று கத்தின. அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு சத்தம் அடங்கி, திரையில் எழுத்து வந்தது. நான் குனிந்து படித்தேன். ப்ராசசர்: ஒன்று. மெமரி: போட்டதில் பாதி.

"இன்னொண்ணு எங்கடி?"

"இருக்குக்கா. ஆனா இதுக்குத் தெரியல."

எனக்கு ஏமாற்றத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. பாதி செத்த ஒரு இயந்திரம் முனகாமல் வேலை செய்கிறதே! இரண்டாவது ப்ராசசர் கெட்டதா, அது உட்காரும் இடம் கெட்டதா? இரண்டையும் கழற்றி இடம் மாற்றிப் போட்டேன். மறுபடியும் முதல் இடத்தில் இருந்தது மட்டும் விழித்தது. அப்படியென்றால் இரண்டு ப்ராசசர்களும் நல்லவை. கோளாறு இடத்தில்.

ப்ராசசர் உட்காரும் அந்தச் சதுரத்தில் மயிரிழை போன்ற ஊசிகள் வரிசை வரிசையாக நின்றன. கைபேசியின் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். ஒளி எல்லா ஊசிமுனைகளிலும் ஒரே மாதிரி மின்னியது, ஓரத்தில் ஓர் இடத்தைத் தவிர. அங்கே ஓர் ஊசி பக்கத்து ஊசிமேல் சாய்ந்திருந்தது. கிட்டே விரலைக் கொண்டுபோகவே எனக்குப் பயமாக இருந்தது. கூடுதலாக வளைத்தால் ஒடிந்துவிடும்.

"தள்ளு," என்றாள் அக்கா.

வௌவால் எச்சத்திலிருந்து பூச்சிகளின் கால்களைப் பிரித்தெடுக்கும் இடுக்கியையும் பூதக்கண்ணாடியையும் அறையிலிருந்து கொண்டுவந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, முழங்கைகளை மேசைமேல் ஊன்றினாள். நான் டார்ச்சைப் பிடித்தேன். அவள் ஊசியை ஒரே தடவையில் நிமிர்த்தவில்லை. தொட்டாள், விட்டாள், பார்த்தாள். மறுபடியும் தொட்டாள்.

"மூச்சு விடலாமாக்கா?"

"நீ விடலாம். நான் விட மாட்டேன்."

ஊசி நேரானதும் ப்ராசசரைத் திரும்பப் பொருத்திப் பவரைப் போட்டேன். இந்தமுறை திரை இரண்டு என்று காட்டியது. அக்கா எழுந்து நின்று தோளைச் சொடக்கெடுத்தாள். அவள் முகத்தில் இருந்த பெருமையை, பட்டம் வாங்கிய நாளில்கூட நான் பார்த்ததில்லை.

ஆனால் ப்ரோக்ராமை முதலில் ஒரு ப்ராசசரோடும் பிறகு இரண்டோடும் ஓடவிட்டுப் பார்த்தபோது, இரண்டோடுதான் மெதுவாக ஓடியது. எப்படி? ஆள் கூடினால் வேலை குறையத்தானே வேண்டும்? நாள்கணக்கில் அதையே தோண்டிக்கொண்டிருந்தேன். மதிய உணவு நேரத்திலும் அதைத்தான் படித்தேன். கடைசியில் கடைக்காரர் சொன்னதன் அர்த்தம் பிடிபட்டது. ப்ரோக்ராம் எல்லாப் படங்களையும் முதல் ப்ராசசரின் மெமரியில் கொட்டியிருந்தது. இரண்டாவது ப்ராசசர் ஒவ்வொரு படத்துக்கும் அந்தப் பக்கம் போய்க் கேட்டு வாங்கி வரவேண்டியிருந்தது. காலை நேரத்தில் பாலத்தில் கார்கள் நிற்பதுபோல வழியிலேயே எல்லாம் நின்றது.

படங்களை இரண்டு ஃபோல்டராகப் பிரித்தேன். ப்ரோக்ராமை இரண்டு தடவை திறந்து, ஒன்றை முதல் ப்ராசசரோடும் அதன் மெமரியோடும் கட்டினேன். இன்னொன்றை இரண்டாவதோடு. யாரும் யாரிடமும் எதையும் கேட்கத் தேவையில்லை. வேலை பறந்தது. இரண்டும் ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்ளும் என்று கேட்டுக்கொண்டு தொடங்கியவள், பேசவிடாமல் செய்ததால்தான் ஜெயித்தேன்.

பொறுக்கியெடுத்த படங்கள் வந்ததும் அக்கா தோட்டத்துக்காரரை வீட்டுக்குக் கூப்பிட்டாள். அவர் மலாய்க்காரர், வயதானவர், மாமா என்கிற அர்த்தத்தில் நாங்கள் பாக்சிக் என்று அழைப்போம். வௌவால் பூவைக் கடித்துத் தின்கிறது, அதனால்தான் காய்ப்பு குறைகிறது என்று அவர் நம்பினார். அடுத்த பூக்காலத்தில் வலை கட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பலகைமேல் விசிறி சுற்றிக்கொண்டிருந்ததைச் சற்றுத் தள்ளி நின்றே பார்த்தார். இலைப் படங்களைத் தள்ளிவிட்டு உயிருள்ளதைப் பொறுக்குவது இதுதான் என்று அக்கா சொன்னாள். பிறகு திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

அக்கா ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். வௌவால் வருகிறது. பூவுக்குள் முகத்தைப் புதைக்கிறது. போகிறது. பூ அப்படியே இருக்கிறது. அடுத்த வௌவால். பூ அப்படியே இருக்கிறது.

"தேன் மட்டும்தான் குடிக்குதா?" என்று மலாயில் கேட்டார் பாக்சிக்.

"தேனைக் குடிச்சிட்டு மகரந்தத்தை அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகுது. இது வரலேன்னா காய் இல்ல பாக்சிக்."

அவர் இன்னும் காட்டு என்பதுபோல விரலை அசைத்தார். சாயங்கால வெளிச்சத்தில் எடுத்த ஒரு படத்தில் அணில் ஒன்று இரண்டு கைகளாலும் மொட்டைப் பிடித்துக் கொறித்துக்கொண்டிருந்தது. அடுத்ததிலும் அதே அணில், வேறு மொட்டு. பாக்சிக் வாய்விட்டுச் சிரித்தார். "இவனா! இவன் என் வீட்டு வாசல்லயே உட்காருவான்!"

வலை கட்டவில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். செருப்பை மாட்டும்போது திரும்பி, "இது தள்ளிவிட்ட படமெல்லாம் எங்க போகுது? அதுல ஒண்ணுமே இல்லன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

ப்ரோக்ராம் தள்ளிய படங்களுக்குத் தனியாக ஒரு ஃபோல்டர் இருந்தது. அந்த ஃபோல்டரை நாங்கள் திறந்ததே இல்லை. அவர் போனதும் உட்கார்ந்து திறந்தோம். இலை, இலை, மழை. கேமரா கண்ணாடியில் ஒட்டிய பல்லியின் வயிறு. விட்டில்பூச்சியின் இறக்கை. மறுபடியும் இலை. பிறகு ஒரு கிளை நுனியில், இலைக்கும் இருட்டுக்கும் நடுவே, கேமராவைப் பார்த்தபடி இரண்டு கண்கள்.

"இது யாரு?" என்றேன்.

"தெரியல," என்றாள் அக்கா, நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டு.