தேநீரை நான் தண்ணீரில் சேர்க்கவில்லை

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களுக்கும் ஊராருக்கும் என் வணக்கம். நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள்.

அண்ணன் பிறந்ததும் பாடுபட்டதும் மன்னவனூரில்தான். அப்பா தவறிய பிறகு பூண்டும் உருளைக்கிழங்கும் போட்டு எங்களைக் கரையேற்றினார். எத்தனை மூடி மருந்துக்கு எத்தனை குடம் தண்ணீர் என்று அவரைக் கேட்காமல் அக்கம்பக்கத்தில் யாரும் மருந்து தெளிக்க மாட்டார்கள். அண்ணி போன பின் என் வீட்டில்தான் இருந்தார்.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். இதை இன்றுதான் சொல்கிறேன். இதுவரை யாராவது படிக்கச் சொன்னால் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்பேன். ஆனால் கணக்கு வராது என்பதை மட்டும் சிரித்துக்கொண்டே சொல்லுவேன். படித்தவர்கள்கூட எனக்கும்தான் என்பார்கள். யாரும் குறைவாக நினைப்பதில்லை. வேலையும் இன்னொருவர் கைக்குப் போய்விடும்.

அண்ணனுக்குச் சிறுநீரகம் கெட்டபோது, தண்ணீர், கஞ்சி, குழம்பு எல்லாம் சேர்த்து நாளுக்கு நாலு டம்ளர்தான் என்று நர்சம்மா சொன்னார். எனக்குக் கணக்கு வராதும்மா என்றேன். அவரும் சிரித்துவிட்டு அண்ணனிடமே விளக்கினார். நோயாளியே சுவரில் கரிக்கோடு போட்டு, தன் தண்ணீரை அளந்து குடித்தார்.

கடைசி மாதம் அசதியில் அவரால் கோடு போட முடியவில்லை. குளிரில் நடுங்குகிறாரே என்று வெள்ளனே எழுந்ததிலிருந்து டீ போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். எங்கள் மலையில் டீயை யார் தண்ணீர் என்று நினைக்கிறார்கள்? கால் வீங்கிய அன்று அவரே கேட்டார்.

"ஏத்தா, இன்னைக்கு எத்தன டம்ளர் ஆச்சு?"

"எனக்கு எங்கண்ணே கணக்கு வருது? சூடு ஆறுறதுக்குள்ள குடிங்க."

"நாலு வரைக்குங்கூடவா வராது?" என்று சிரித்து, வாங்கிக் குடித்தார்.

மூன்றாம் நாள் மூச்சு முட்டியது. நோய் முற்றிவிட்டது, உங்கள் தவறில்லை என்றார் டாக்டர். அது அவருடைய பெருந்தன்மை.

கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு ஜீப் ஓட்டி வந்த தம்பிக்கும், ஊர் வந்து சேரும் வரை உடன் நின்றவர்களுக்கும் கைகூப்பி நன்றி.

பதினாறாம் நாள் காரியத்துக்கு எத்தனை பேர், எத்தனை படி அரிசி, பருப்பு எவ்வளவு என்று நான்தான் சொன்னேன். யாரையும் கேட்கவில்லை. சாப்பிட்ட நீங்களே சாட்சி: ஒருவருக்கும் குறையவில்லை, ஒரு சட்டிகூட மிஞ்சவில்லை. அன்று என்னைப் பாராட்டியவர்களுக்கு மட்டும் நன்றி சொல்ல வாய் வரவில்லை.