மேபலின் தூக்கிய பின்பக்கம்

ஓட்லி என்ற ஆங்கிலேயச் சிற்றூரில் முப்பத்தொரு வருடம் தபால் கொடுத்த டெஸ்மண்ட் தாக்ரேவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கையில் எடுத்த வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு எழுந்திருக்க மாட்டார். பையில் ஒரு கடிதம் மிஞ்சியிருந்தால்கூட அவருக்குத் தேநீர் இறங்காது. ஊரில் இதை நல்ல பழக்கம் என்பார்கள். ஊருக்கு என்ன தெரியும்? இந்தப் பழக்கம்தான் அவர் மனைவி ஈனிட்டை மாதக்கணக்கில் பஸ்ஸில் அலைய வைத்தது.

ஓய்வு பெற்றதும் டெஸ்மண்ட் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். பச்சை நிறம், கூரை கிடையாது, இரண்டே இரண்டு இருக்கை. எந்நேரமும் முணுமுணுத்துக்கொண்டிருந்த தன் அத்தை மேபலின் பெயரை ஈனிட்தான் அதற்கு வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கார் கிளப்காரர்கள் எல்லோரும் வரிசையாகக் கிளம்பி, மேட்டு நிலங்களைத் தாண்டி ஏதாவது ஒரு டீக்கடையில் போய் இறங்குவார்கள். டெஸ்மண்ட் ஓட்டுவார். ஈனிட் மடியில் வரைபடமும் ஃபிளாஸ்குமாக உட்கார்ந்து, தவறான வழி சொல்வார். கல்யாணமாகி நாற்பது வருடத்துக்குப் பிறகு இருவரும் மறுபடி சிரித்துப் பேச ஆரம்பித்தது அந்தக் காரில்தான்.

போன ஆகஸ்டில் மழை பெய்துகொண்டிருந்தபோது ஒரு இறக்கத்து வளைவில் மேபலின் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. கார் ஒரு முழுச் சுற்று சுற்றி, பின்பக்கமாகப் போய் வேலியில் ஏறி நின்றது. யாருக்கும் அடியில்லை. மடியில் கொட்டிய டீயைத் துடைத்துக்கொண்டு ஈனிட் இறங்கினார், மழையிலேயே ஒன்றரை மைல் நடந்தார், பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தார்.

"அவ பின்பக்கம் சரியாகிற வரைக்கும் நான் அதுல ஏற மாட்டேன், டெஸ். இது சத்தியம்" என்றார்.

அதற்காக ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுக்கவும் ஈனிட் தயாராக இல்லை. பஸ்ஸிலேயே அதே டீக்கடைக்கு வந்தார். டெஸ்மண்ட் மேபலை ஓட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னாலேயே போவார். ஈனிட் கடைசி இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகக் கையசைப்பார். கிளப்காரர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். டெஸ்மண்டும் சிரித்து வைத்தார். ஆனால் பக்கத்தில் இருந்த காலி இருக்கையைப் பார்க்கப் பார்க்க அவருக்கு மனசே சரியில்லை.

குளிர்காலம் முழுக்க அவர் காருக்கு அடியிலேயே குடியிருந்தார். பின்சக்கரங்களைத் தாங்கும், தளர்ந்து போயிருந்த பட்டை ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டுப் புதிது போட்டார். ஷாக் அப்சார்பர்கள் புதிது. ஸ்பிரிங்கைக் காரோடு பிணைக்கும் இடத்தில் வரும் ரப்பர் புஷ்கள் புதிது. ஆனால் இப்போது மேபல் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றாள். வளைவில் திருப்பினால் அதே வழுக்கல். எல்லாவற்றையும் கழற்றி மறுபடி பூட்டினார். பலன் பூஜ்யம். மே மாதத்தில் ஒருநாள், விற்றுவிடலாமா என்றுகூட நினைத்துவிட்டார்.

கிளப்பில் க்வென் இலிங்வொர்த் என்று ஒரு பெண்மணி. லாரி ஸ்பிரிங் பட்டறையில் வேலை பார்த்தவர், வாயில் சர்க்கரை கிடையாது. மேபலை ஒருமுறை சுற்றி வந்தார்.

"என்ன இது, குளத்துல தலைய விட்ட வாத்து மாதிரி நிக்குது? புஷ் போல்ட்டை எப்போ முறுக்கினே?"

"மாட்டின உடனே. ஜாக்கியில இருக்கும்போதே."

"சக்கரம் தொங்கிட்டு இருக்கும்போதா?"

"பாதியில விட்டு எந்திரிச்சு எனக்குப் பழக்கமில்ல, க்வென்."

"அட என் தங்கமே, இதுல பாதியிலதான் விடணும். தொங்கும்போது முறுக்கினா ரப்பர் அந்த நிலையிலயே பிடிச்சுக்கும். அப்புறம் தரையில இறக்கினா அது உதைச்சுத் தூக்கிட்டே தானே இருக்கும்? லேசா மாட்டு, தரையில இறக்கு, ரெண்டு சீட்லயும் பாரம் ஏத்து, அப்புறம் முறுக்கு. நீயும் ஈனிட்டும் உக்காந்தா என்ன பாரமோ, அந்தப் பாரம்."

டெஸ்மண்ட் வீட்டுக்கு வந்து வேறு புதுப் புஷ்களை லேசாக மாட்டினார். முறுக்காமல் விட்டுவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தது அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. அப்புறம் நான்கு சக்கரங்களும் அகலமான மரக்கட்டைகள் மேல் நிற்கும்படி காரை இறக்கினார். அவர் அடியில் படுக்க வேண்டுமே, அதனால் தன் இருக்கையில் தன் எடைக்குச் சரியாக உருளைக்கிழங்கு மூட்டைகளை ஏற்றினார். அடுத்த இருக்கைக்கு எத்தனை கிழங்கு என்பதுதான் தெரியவில்லை. சமையலறைக்குப் போனார்.

"ஈனிட், உன் எடை எவ்வளவு?"

ஈனிட் மாவு பிசைந்த கையோடு திரும்பிப் பார்த்தார். "என்ன கேட்டே?"

"காருக்கு. உன் பாரத்துக்குக் கிழங்கு வைக்கணும்."

"எனக்குப் பதிலா உருளைக்கிழங்கு. நல்லாருக்கு."

"தோராயமா சொன்னாப் போதும். ஒரு பதிமூணு ஸ்டோன் போட்டுக்கவா?"

பதிமூன்று ஸ்டோன் என்றால் எண்பத்திரண்டு கிலோ. நாற்பது வருடத்தில் டாக்டருக்கு மட்டுமே ஈனிட் தன் எடையைச் சொல்லியிருக்கிறார், அதுவும் காதோடு. கையைத் துடைத்துக்கொண்டார். முக்காலியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். அதன் மேல் ஏறி, மேபலின் கதவைத் திறந்து, தன் பழைய இருக்கையில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"உக்காரத்தான் செய்றேன், எங்கயும் வரல. சீக்கிரம் முறுக்கு. பதிமூணாம்ல, பதிமூணு."

டெஸ்மண்ட் அடியில் நுழைந்தார். தலைக்கு மேலே இருக்கை மெதுவாகக் கிறீச்சிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒன்பது மாதம் ஆகியிருந்தது. முதல் போல்ட்டை முறுக்கினார். சரியான இறுக்கம் வந்ததும் ஸ்பேனர் 'டக்' என்றது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு டக். ஸ்பேனரைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தார்.

வேலை முடிந்துவிட்டது. ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மேலேயிருந்து குரல் வந்தது. "ஆச்சா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு."

மறுபடி கொஞ்ச நேரம். மேலே ஈனிட் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கீழே டெஸ்மண்ட் ஒரு காய்ந்த சேற்றுக் கட்டியைப் பார்த்தபடி கிடந்தார்.

"டெஸ். நாலாவது டக் கேட்டுப் பத்து நிமிஷமாச்சு. எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு. முடிஞ்ச வேலைய வச்சுக்கிட்டு அங்க என்ன பண்றே?"

பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. "முடிஞ்சதுன்னு சொன்னா நீ இறங்கிடுவே."

மேலே இருக்கை மறுபடி கிறீச்சிட்டது. ஈனிட் இறங்குகிறார் என்று நினைத்து டெஸ்மண்ட் கண்ணை மூடிக்கொண்டார். தொம், தொம் என்று ஏதோ தரையில் விழுந்தது. கண்ணைத் திறந்தால், உருளைக்கிழங்குகள் சக்கரத்தைத் தாண்டி உருண்டு வந்துகொண்டிருந்தன.

"உன் சீட்டைக் காலி பண்ணிட்டேன்" என்றார் ஈனிட். "வந்து ஓட்டு."