பெல்ட்டுக்காக இளைத்தவர்

உயரமான கண்ணாடிக் கட்டடங்களில் கயிற்றில் தொங்கி ஜன்னல் துடைப்பது மலையண்ணனின் வேலை. ஆள் பருமன் என்பதால் கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் அது. இத்தனை வருஷத்தில் அவர் கை நழுவி ஒரு துணிகூடக் கீழே விழுந்ததில்லை. அப்படிப்பட்டவரைத்தான் மேற்பார்வையாளர் எடை மெஷினில் ஏற்றி நிறுத்தினார். பாதுகாப்பு பெல்ட் நூறு கிலோவுக்கு மேல் தாங்காதாம். மலையண்ணன் நூற்றிருபதைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மாசத்துல எறக்கு. இல்லேன்னா கீழ நின்னு வாளி தூக்கு."

கீழே நிற்பதா? மலையண்ணனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றோடு எண்ணெய்க்கு முழுக்குப் போட்டார். காலையில் பட்டினி, மத்தியானம் வெள்ளரிக்காய், ராத்திரி தண்ணீர் மாதிரி ஒரு சூப். மனைவி கெஞ்சினாள், திட்டினாள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். பெல்ட்டின் வாரை இறுக்க இறுக்கக் கூட்டாளிகள் கைதட்டினார்கள். ஒரு பயலுக்காவது "சாப்பிட்டியாண்ணே" என்று கேட்க வாய் வரவில்லை. நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

மெஷின் நூறுக்குக் கீழே காட்டிய அன்று, ஆசைக்கு இரண்டு முட்டையை எண்ணெயில் பொரித்துத் தின்றார். சாயங்காலம் வலது விலாவுக்கு அடியில் பிடித்த வலி, தோள்பட்டை வரை ஏறி ஆளைச் சுருட்டிப் போட்டது.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா கடுகடுத்தார். "பித்தப்பை நெறைய கல்லு. கொழுப்பு கொஞ்சமாவது உள்ள போனாத்தான் அந்தப் பை நல்லா சுருங்கிப் பித்தநீரை வெளிய தள்ளும். நீங்க பட்டினி போட்டீங்க, அது தேங்கிடுச்சு. உடம்பும் வேகமா கரைஞ்சதுல கொழுப்பு அதுலயே சேர்ந்து கல்லாயிடுச்சு. கொஞ்சம் கொஞ்சமா எளைக்கக் கூடாதா? யாரு இப்படி அவசரப்படுத்தினது?"

பித்தப்பையை எடுத்துவிட்டார்கள்.

நாலாம் நாள் மேற்பார்வையாளர் ஆரஞ்சுப் பையோடு வந்து கட்டிலருகே உட்கார்ந்தார்.

"வேலையப் பத்திக் கவலப்படாத. உன் எடத்துல தற்காலிகமா ஒருத்தர வச்சிருக்கோம். நல்ல ஆளு, உன்னவிட கனம்."

"பெல்ட்டு?"

"கம்பெனில சொன்னேன். பெரிய சைஸ் மறுநாளே வாங்கிக் குடுத்துட்டாங்க."

தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு மலையண்ணன் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். முகம் சிவந்து கிடந்தது.

"எனக்காக ஏன் சார் கேக்கல?"

பக்கத்தில் நின்ற மனைவி ஆரஞ்சுப் பையை எடுத்து மேற்பார்வையாளர் மடியிலேயே திருப்பி வைத்தாள்.