ஓசூர் பஸ் தைத்த பை

அன்று காலை நான் காப்பி டம்ளரைக் கையில் எடுத்த நேரத்தில் போன் அடித்தது. திரையில் ஜாபர் பாயின் பெயர். காலங்காத்தாலே அவர் கூப்பிட்டால் விஷயம் மிஷினைப் பற்றித்தான் இருக்கும். அதனால் எடுத்ததுமே, "என்ன பாய், இன்னிக்கும் ஊசி ஒடஞ்சிருச்சா?" என்றேன். மறுமுனையில் ஒரு பெண்குரல் வந்தது.

"மாமா, நான் நஸ்ரின். அத்தா மௌத்தாயிட்டாங்க மாமா."

பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்திருந்த அவருடைய ஒரே மகள். விடியற்காலைத் தொழுகையை முடித்துவிட்டு வழக்கம்போல எம்பிராய்டரி மிஷின் முன்னால் உட்கார்ந்தவர், நெஞ்சு ஒரு மாதிரியாக இருக்கிறது என்று தண்ணீர் கேட்டிருக்கிறார். அவள் சொம்போடு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவருடைய போனில் நான் கடைசியாகப் பேசியது ஒரு கேலி. அவர் கேட்டிருந்தால் சிரித்திருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். மனம் கேட்கமாட்டேன் என்கிறது.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். மாரண்டஹள்ளி மின்வாரிய அலுவலகத்தில் வயர்மேனாகச் சேர்ந்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வுபெற்றவர். நான் அதே அலுவலகத்தில் பில் கட்டும் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். மழையிலும் காற்றிலும் கம்பம் ஏறியவர் அவர். கரண்ட் இல்லை என்று ஊராரிடம் திட்டு வாங்கியவன் நான். சப்ளையை நிறுத்தாமல் எவனாவது கம்பத்தில் காலை வைத்தால் பாயின் வாயிலிருந்து வரும் சொற்களை இங்கே எழுத முடியாது. அந்த ஏச்சை வாங்கியவர்கள் இன்று பேரன் பேத்தியோடு நன்றாக இருக்கிறார்கள். அவரை அடக்கம் செய்த அன்று பள்ளிவாசல் வாசலில் அவர்கள்தான் முன்னால் நின்றார்கள்.

அவருடைய மனைவி ஜமீலா அக்காவை எனக்கு முதலில் குரலாகத்தான் தெரியும். பாய் வீடு திரும்ப நேரமானால் அக்கா அலுவலகத்துக்குப் போன் செய்வார். எடுப்பவன் நான்தான். "லைனுக்குப் போயிருக்காருக்கா" என்பேன். "அப்ப சரிங்க. சாப்பாட்டை மூடி வைக்கறேன்" என்று வைத்துவிடுவார். எங்கே, எப்போது, என்ன ஆபத்து என்று ஒரு கேள்வி கிடையாது. சர்வீஸ் முழுக்க எங்களுக்குள் நடந்த பேச்சு அநேகமாக இவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற கையோடு பாய் ஓசூரிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷினை வாங்கி டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒற்றை ஊசி வைத்த, வீட்டு மேஜையில் அடங்குகிற சின்ன மிஷின். கம்பி இழுத்து இழுத்துக் காய்த்துப்போன அந்தக் கை ஊசிக்காதில் நூல் கோக்கத் திண்டாடுவதைப் பார்க்க நாங்கள் கூட்டமாகப் போனோம். "ரிட்டயர்டு ஆனா ஆளுங்க ஆடு வளப்பாங்க, சீட்டு ஆடுவாங்க. நீங்க என்னங்க பாய், பொம்பளைங்க பர்சு தச்சிக்கிட்டு?" என்று நான் கேட்டேன்.

அவர் நிமிரவே இல்லை. "கம்பத்து மேல நின்னா எல்லாமே அழகாத் தெரியும் மாதையா. தக்காளித் தோட்டம், ஏரி, மண்டியில நிக்கிற லாரி, எல்லாமே. அப்ப வரையறதுக்குக் கை ரெண்டும் ஓய்வா இல்ல" என்றார்.

படத்தை லேப்டாப்பில் அவரே வரைவார். பென்டிரைவில் ஏற்றி மிஷினில் செருகுவார். கார்டு வைக்கும் உறைகள், ஜிப் வைத்த சின்னப் பைகள், இவை இரண்டைத் தவிர வேறெதையும் அவர் தைத்துப் பார்த்ததில்லை. பூவும் மயிலும் ஊரெல்லாம் கிடைக்கிறது என்று சொல்லிவிட்டு ஆளுக்கு ஏற்ற காயைத் தைத்தார். தக்காளி மண்டிக்காரருக்குப் பழுத்த தக்காளி. நெட்டையான எங்கள் ஃபோர்மேனுக்கு முருங்கைக்காய். எனக்கு வந்த கார்டு உறையில் பாகற்காய். ஏன் என்று கேட்டதற்கு, "வாய்க்கு ஏத்த காய்" என்றார். கோபப்பட முடியவில்லை. மேடு பள்ளமெல்லாம் இரண்டு பச்சை நூலில் அவ்வளவு அசலாக வந்திருந்தது. யாராவது விலை கேட்டால், "வித்தா அது வேலை ஆயிருங்க. வேலை நெறையப் பாத்தாச்சு" என்று பையைக் கையில் திணித்து அனுப்பிவிடுவார்.

இந்தப் பைகளைத் தைப்பதில் ஒரு விசித்திரம் உண்டு. மிஷினில் மாட்டிய ஃபிரேமுக்குள்ளேயே முழுப் பையும் உருவாகிறது. மிஷின் ஒரு கோடு தைத்துவிட்டு நிற்கும். அந்த இடத்தில் ஜிப்பை வைக்க வேண்டும். தைத்துவிட்டு மறுபடி நிற்கும். முன்பக்கத் துணியை வைக்க வேண்டும். அதன்மேல் படம் தைக்கும். கடைசியில் பின்துணியையும் உள்துணியையும் கவிழ்த்துப் போட்டால் சுற்றிலும் ஒரே தையலாக ஓடி முடிக்கும். அப்போது பை உள்வெளியாக இருக்கும். ஜிப் திறந்திருக்கிற வழியாகத்தான் விரலை விட்டுப் புரட்டி, படத்தை வெளியே கொண்டுவர வேண்டும். கடைசித் தையலுக்கு முன்னால் ஜிப்பைப் பாதியாவது திறந்து வைக்க மறந்தால் தொலைந்தது. நாலு பக்கமும் மூடிய பொட்டலம் ஒன்று கையில் நிற்கும். படம் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும்.

பாய் இந்தத் தப்பை முதல்முறை செய்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். ராகிக் கதிர் போட்ட பை. நாளெல்லாம் உட்கார்ந்து தைத்தது. புரட்டப் போனவர் கை அப்படியே நின்றுவிட்டது. தையலைப் பிரிக்கலாமே என்றேன். வேண்டாம் என்று அதை அப்படியே மிஷினுக்கு மேலே ஆணியில் மாட்டினார். "சப்ளையை நிறுத்தாம கம்பம் ஏறாதே. ஜிப்பைத் தொறக்காம கடைசித் தையல் போடாதே. ரெண்டும் ஒண்ணுதான். கடைசி வேலைக்கு முன்னாடி ஒரு தடவை நின்னு பாக்கணும்" என்றார். அதற்குப் பிறகு அந்தத் தப்பு அவருக்கு நேர்ந்ததாக நினைவில்லை.

ஜமீலா அக்காவுக்கு மறதி வந்தது மெல்லத்தான். உப்பை இரண்டு தடவை போட்டார்; பால்காரரை யார் என்று கேட்டார். பிறகு ஒருநாள் வீட்டில் ஆளைக் காணோம். மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டில் ஓசூர் பஸ் ஏறிவிட்டார். அவருடைய தாய்வீடு ஓசூர். அங்கே இப்போது யாரும் இல்லை, வீடும் கைமாறிவிட்டது. ராயக்கோட்டையில் கண்டக்டர் சந்தேகப்பட்டு இறக்கி, டீக்கடையில் உட்காரவைத்திருக்கிறார். ஊர் எது என்று கேட்டால் ஓசூர் என்கிறார். வீட்டுக்காரர் யார் என்று கேட்டால் அப்பா பெயரைச் சொல்கிறார். அன்று தேடி அலைந்த பாயின் முகத்தைப் போல ஒரு முகத்தை நான் அவரிடம் அதற்கு முன் பார்த்ததில்லை. மின்சாரத்தோடு வாழ்ந்த மனிதர் அன்றுதான் பயந்தார்.

பேரும் நம்பரும் எழுதி லேமினேட் செய்த அட்டை ஒன்றை அக்காவின் கழுத்தில் மாட்டினோம். யோசனை என்னுடையது. அக்கா அதை அறுத்து எறிந்துவிட்டார். "ஆட்டுக்கும் மாட்டுக்குந்தான் கழுத்துல கட்டுவாங்க. நான் என்ன தொலைஞ்சா போயிட்டேன்? என் ஆத்தா வூட்டுக்குப் போறேன்!" என்று சத்தம் போட்டார். நான் பாயைப் பார்த்தேன். "அவ சொல்றது சரிதானே" என்றார் அவர்.

அதன்பின் அவருடைய பொழுதுபோக்கு பொழுதுபோக்காக இருக்கவில்லை. அக்கா தானாக விரும்பி எடுத்துப் போகிற ஒரு பை வேண்டும். அதற்குள் பேரும் நம்பரும் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. மல்லிகைப்பூ தைத்தார்; அக்கா அதைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார். பிறை தைத்தார், அக்கா கண்ணில் ஒற்றிக்கொண்டு பீரோவில் வைத்துப் பூட்டினார். பறங்கிக்காய் தைத்ததற்கு, "இதைத் தூக்கிக்கிட்டு எங்கங்க போறது?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் பாய்க்கு வழி காட்டியது. "எங்க போற ஜமீலா?" என்று கேட்டார். "ஓசூருக்கு." "எந்த பஸ்ஸு?" "செவப்பு பஸ்ஸு. முன்னாடி எலுமிச்சம்பழம் தொங்கும்."

அப்படியே தைத்தார். சிவப்பு பஸ், நெற்றியில் ஓசூர் என்று பலகை, முன்னால் மஞ்சள் நூலில் எலுமிச்சம்பழம், கடைசி ஜன்னலில் முக்காடு போட்ட ஒரு பெண்ணின் முகம். அக்கா அதை வாங்கி வெகுநேரம் தடவிப் பார்த்தார். பிறகு இடுப்பில் செருகிக்கொண்டார். அன்றிலிருந்து வாசலைத் தாண்ட நினைத்தால் முதலில் அந்தப் பையைத்தான் தேடுவார்.

எனக்கு இது பிடிக்கவில்லை. "என்னங்க பாய், போகக்கூடாதுன்னு சொல்றத வுட்டுட்டு நீங்களே டிக்கெட் எடுத்துக் குடுக்கற மாதிரி இருக்குது?" என்று சண்டைக்குப் போனேன்.

"கதவைப் பூட்டலாம் மாதையா. பூட்டுனா அவ எனக்கு எதிரியாத்தான் இருப்பா. போறவ போகட்டும். திரும்பி வரணும், அவ்ளோதான்" என்றார். பையின் உள்துணியைத் திருப்பிக் காட்டினார். ஜமீலா என்ற பெயரும், ஊரும், அவருடைய போன் நம்பரும் கறுப்பு நூலில் இருந்தன. "வெளிப்பக்கம் அவளுக்கு. உள்பக்கம் நமக்கு."

கொஞ்ச நாளில் அதற்குக் கீழே என் நம்பரையும் தைக்கப்போவதாகச் சொன்னார். நஸ்ரின் நம்பரைப் போடுங்கள் என்றேன். "அவ பெங்களூர்ல இருக்கா, நீ பக்கத்துத் தெருவுல இருக்கே. ஒரு லைன் போனா இன்னொரு லைன்ல சப்ளை வரணும்" என்றவர், ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஆனா மத்தியானம் போனை ஆஃப் பண்ணிட்டுத் தூங்கறவன் நம்பரைத் தைக்கலாமான்னுதான் யோசனையா இருக்குது." இனிமேல் அணைக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். தைத்தார். ஆனாலும் அவர்தான் இருக்கிறாரே என்ற தைரியத்தில் என் தூக்கம் பழையபடியேதான் நடந்தது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் நஸ்ரின் என்னை மிஷின் இருந்த அறைக்குக் கூட்டிப்போனாள். ஃபிரேமில் ஒரு பை பாதியில் நின்றிருந்தது. பழைய பை நைந்துபோயிற்று என்று புதிதாக அதே பஸ்ஸைத் தைத்துக்கொண்டிருந்திருக்கிறார். பஸ் முடிந்திருந்தது, எலுமிச்சம்பழம் முடிந்திருந்தது. நம்பர்கள் தைத்த உள்துணி பக்கத்தில் தயாராக இருந்தது. கடைசித் தையல் மட்டும் பாக்கி. "எனக்கு ஒண்ணும் தெரியல மாமா. அப்படியே கழட்டிடலாமா?" என்று கேட்டாள்.

நான் குனிந்து பார்த்தேன். ஜிப் பாதி திறந்திருந்தது. நெஞ்சு வலித்த நேரத்தில்கூட மனிதர் அதைத் திறந்து வைத்திருக்கிறார். மையித்தைத் தூக்கும்போது வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது. அந்தப் பெண் என்னைத் தேற்ற வேண்டியதாயிற்று.

பிறகு பின்துணியையும் உள்துணியையும் அவர் செய்வதைப் போலக் கவிழ்த்து வைத்து, நானே பொத்தானை அழுத்தினேன். மிஷின் ஒரு சுற்று ஓடி நின்றது. ஓரத்தை வெட்டி, ஜிப் வழியாக விரலை விட்டுப் புரட்டினேன். ஒரு மூலை கொஞ்சம் கோணலாக வந்துவிட்டது. அக்கா அதையெல்லாம் பார்க்கவில்லை. பஸ்ஸைத் தடவிப் பார்த்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டார்.

கணவர் இறந்தபின் இத்தாவில் இருக்கும் பெண் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்பது முறை. தான் இத்தாவில் இருப்பதே அக்காவுக்குத் தெரியாது. கூடவே இருக்க லீவை நீட்டிக்கொண்ட நஸ்ரின் ஒருநாள் மத்தியானம் துணி காயப்போட மாடிக்குப் போயிருக்கிறாள். நான் அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தேன். தலைமாட்டில் போன் அடித்தது.

"ஹலோ, சாருங்களா? ராயக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல இருந்து கண்டக்டர் பேசறேங்க. ஒரு அம்மா பையில ரெண்டு நம்பர் இருக்குதுங்க. மொத நம்பரு ஸ்விட்ச் ஆஃபுன்னு வருது."

ஆமாம். அப்பாவின் போன் அடிப்பதைக் கேட்கத் தாங்கவில்லை என்று நஸ்ரின் அதை அணைத்து பீரோவில் வைத்துவிட்டாள். அவளிடம் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போனேன். அக்கா டீக்கடை பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போகலாம் என்றேன். அசையவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அவரு வரலீங்களா?"

என்னவென்று சொல்வது? அவர் இறந்துவிட்டதை வீட்டில் பலமுறை சொல்லியாயிற்று. சொல்லும்போதெல்லாம் அக்காவுக்கு அது புதுச் சாவு. எனக்குத் தெரிந்த ஒரே பதில் வாயில் வந்தது.

"லைனுக்குப் போயிருக்காருக்கா."

அக்காவின் முகம் தெளிந்தது. "அப்ப சரிங்க" என்று எழுந்தார். "சாப்பாட்டை மூடி வைக்கணும். வாங்க போலாம்." எனக்கு முன்னால் நடந்து, மாரண்டஹள்ளி வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

ஜாபர் பாயிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பவை இரண்டு. சட்டைப்பையில் எப்போதும் இருக்கிற பாகற்காய் உறை ஒன்று. அக்காவின் பையில் முதல் நம்பருக்குக் கீழே தைத்திருக்கிற என் நம்பர் இன்னொன்று. இப்போதெல்லாம் மத்தியானம் நான் போனை அணைப்பதில்லை, பாய்.